கலப்பவர் பக்கத்து வேதியியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாணவேடிக்கையின் வேதியியல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டாசு என்றால் சிவகாசி. அதைப் பேச விருதுநகர் மாவட்டத்தில் ஆளா இல்லை, திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்து இதை ஏன் கேட்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நீங்கள் தினமும் ஏறி இறங்கும் ரயில் தடத்தைக் கொஞ்சம் பாருங்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டை போகும் புறநகர் வண்டி, திருவொற்றியூரைத் தாண்டியதும் விம்கோ நகரில் நிற்கிறது. அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அதே வண்டி போய்ச் சேரும் சூலூர்பேட்டையில் இறங்கினால், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குப் போகிற சாலை. தீக்குச்சியும் ராக்கெட்டும் ஒரே தடத்தின் இரண்டு நிறுத்தங்கள். இரண்டுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்று, சிவகாசிப் புஸ்வாணத்துக்கும் அதுவே. மருந்துக்குப் பக்கத்தில் நிற்பது யார், எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இன்று நான் பேச வந்தது பெரும்பாலும் அதைப் பற்றி.

முதலில் பாடம். விறகு எரியக் காற்று வேண்டும். காற்று வரும் வேகத்துக்குத்தான் எரியும். ஊதாங்குழல் எதற்கு என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாண மருந்து காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் திட உப்பாகத் தன்னோடு வைத்திருக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் வெடியுப்பு, அப்படிப்பட்ட ஓர் உப்பு. பொட்டாசியம் குளோரேட், பெர்குளோரேட், பேரியம் நைட்ரேட் எல்லாம் அதே வேலைக்கு வந்தவை. இவற்றை ஆக்சிஜனேற்றி என்கிறோம். கரி, கந்தகம், அலுமினியம், மக்னீசியம், இரும்புத் தூள் ஆகியவை எரிபொருள். இரண்டையும் பிடித்து வைக்க டெக்ஸ்ட்ரின் போன்ற ஒரு பசை. இவ்வளவுதான். சுடர், ஒலி, நிறம், பொறி எல்லாம் இந்த மூன்று வகைப் பொருள்களின் தேர்விலும் துகள் அளவிலும் நெருக்கத்திலும் இருந்தே வருகின்றன.

நெருக்கம் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பழைய கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த மூன்றையும் மூன்று டப்பாக்களில் ஒரே அலமாரியில் வைத்தால் ஒன்றும் ஆகாது. உப்பின் துகளும் கரியின் துகளும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு வேகம். ஆகவே வாணத் தொழிலின் மையம் வானத்தில் இல்லை. அது கலவை அறையில் இருக்கிறது. பார்ப்பவர் பக்கத்து வேதியியல் ஒன்று, கலப்பவர் பக்கத்து வேதியியல் ஒன்று என்று பிரித்தால், புத்தகங்கள் எல்லாம் முதலாவதைப் பற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை.

இந்தப் பிரிவை முதலில் புரிந்துகொண்டவர்கள் தீப்பெட்டிக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தீக்குச்சியில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். அதைச் செய்த தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் 1888இல் செய்த வேலைநிறுத்தம் அந்தக் காலத்துக் கதைகளில் ஒன்று. இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சட்டம் 1913இல் வந்தது. அதற்கு வெகு முன்பே சுவீடனில் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844இல் ஒரு மாற்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்; லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால் தொட்டாலே சீறும். அதனால் இரண்டையும் சேர்க்கவே இல்லை. உரசும் கணத்தில், மிகச் சிறிய அளவில், வாங்கியவர் கையில்தான் அவை சந்திக்கின்றன. வேதியியலில் எனக்குப் பிடித்த பொருள் எது என்று யாராவது கேட்டால் தீப்பெட்டி என்றுதான் சொல்வேன். ஆபத்தான கலப்பைத் தொழிற்சாலையிலிருந்தே வெளியேற்றிவிட்ட கண்டுபிடிப்பு அது.

விம்கோ அந்த சுவீடன் பரம்பரை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி 1923இல் சுவீடிஷ் மேட்ச் நிறுவனத்தால் இந்தியாவில் தொடங்கப்பட்டது. சுவீடிஷ் மேட்சின் அதிபர் ஐவர் க்ரூகருக்குத் தீப்பெட்டி மன்னர் என்றே பெயர். பல நாட்டு அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலாகத் தீப்பெட்டி ஏகபோகம் வாங்கியவர். 1932 மார்ச்சில் பாரிசில் துப்பாக்கியால் சுட்டு உயிரை விட்டார். அவருடைய கணக்குப் புத்தகங்களும் ஒருவகையில் வாண மருந்துதான், ஒருநாள் மொத்தமாகப் பற்றின. ஆனால் அம்பர்நாத்திலும் திருவொற்றியூரிலும் குச்சிகள் வந்துகொண்டே இருந்தன. திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது, பிறகு சென்னை மாவட்டத்தோடு போயிற்று. இன்று விம்கோ நகருக்கு மெட்ரோவும் வந்துவிட்டது.

அதே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து ஐயா நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய்த் திரும்பினார்கள். மழை பொய்த்த ஊர், வேலைக்கு ஏங்கிய கைகள். திருவொற்றியூரில் இயந்திரம் செய்ததை அங்கே கையால் செய்தார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்புக்கும், மத்தாப்பிலிருந்து வெடிக்கும் போவது வேதியியலில் அதிக தூரமில்லை. இரண்டாம் உலகப் போரின் போது வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றதும் அந்தத் தூரமும் கடந்தாயிற்று. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்து போகிறது. ஆனால் தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு வரும்போது ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. குளோரேட்டையும் பாஸ்பரஸையும் பிரித்து வைத்த அந்தப் புத்திசாலித்தனம் பட்டாசுக்குப் பொருந்தாது. பட்டாசில் எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்துதான் ஆக வேண்டும். கலப்பது வாங்குபவர் அல்ல, தொழிலாளி.

குளோரேட்டைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே 1780களில் இதைக் கண்டுபிடித்தார். வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் கருமருந்து இன்னும் வலுவாகும் என்று நினைத்தார்கள். 1788இல் எஸோன் என்ற ஊரின் வெடிமருந்து ஆலையில் சோதனை நடந்தது, லவாய்சியேயும் உடனிருந்தார். கலவை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். காரணம் எளிது. வெடியுப்பு தன் ஆக்சிஜனை விட வெப்பத்தை விலையாகக் கேட்கும். குளோரேட் அப்படியல்ல, ஆக்சிஜனை விடும்போதே வெப்பத்தையும் கொடுக்கும். அதோடு கந்தகம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கந்தகப் பொடியில் எப்போதும் சிறிது அமிலம் ஒட்டியிருக்கும். அது குளோரேட்டோடு வினைபுரிந்து, குளோரின் டையாக்சைடு என்ற தானாகவே சிதறக்கூடிய வாயுவை உண்டாக்கும். அதனால்தான் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிமருந்துக்கு 1992 ஜனவரியில் மத்திய அரசு தடை அறிவிக்கை வெளியிட்டது. அந்த அறிவிக்கையின் விதிவிலக்குகளைப் பாருங்கள். அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, குழந்தைகளின் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப். மறுபடியும் தீப்பெட்டி! எங்கே அளவு மிகச் சிறியதோ அங்கே மட்டும் அனுமதி. பட்டாசுக்கு நைட்ரேட்டும் பெர்குளோரேட்டும் என்றாயிற்று. விலை மலிவு என்று எங்கிருந்தோ கடத்தி வரும் சீனப் பட்டாசை அதிகாரிகள் துரத்துவதற்கு அதில் குளோரேட் இருப்பது ஒரு முக்கியக் காரணம். சந்தைப் போட்டி மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறங்களுக்கு வருவோம். மாணவர்கள் இதற்குத்தான் வந்திருப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் இதைச் சீக்கிரம் கடந்துவிடுவேன். கேஸ் அடுப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் சுடர் மஞ்சளாகிறதே, அது சோடியம்; 589 நானோமீட்டர். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, கால்சியம் ஆரஞ்சு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம். பாடப்புத்தகத்தில் இதோடு முடித்துவிடுவார்கள். உண்மையில் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் தருவது உலோக அணு அல்ல. சுடரின் உள்ளே ஒரு கணம் மட்டும் உயிரோடு இருக்கும் மூலக்கூறுகள் அவை: ஸ்ட்ரான்சியம் மோனோகுளோரைடு, பேரியம் மோனோகுளோரைடு, தாமிர மோனோகுளோரைடு. அவை பிறக்கக் குளோரின் வேண்டும். அதனால் வண்ண மருந்தில் பிவிசி போன்ற குளோரின் உள்ள பொருளைச் சேர்ப்பார்கள். நம் வீட்டுக் குழாய் செய்யும் அதே பிவிசி. நீலம்தான் எல்லாரையும் தோற்கடிக்கும். தாமிர மோனோகுளோரைடு சூடு கூடினால் உடைந்துபோகும். சூடு குறைந்தால் வெளிச்சம் போதாது. அந்த இடுக்கில் நிற்பது கடினம். வாணவேடிக்கை பார்க்கப் போனால் சிவப்பை விட்டுவிட்டு நீலத்தைப் பாருங்கள். அழுத்தமான நீலம் தெரிந்தால் கலந்தவர் கைதேர்ந்தவர்.

சிவப்பு வேடிக்கைக்கு மட்டுமான நிறமல்ல. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் கப்பல்களில் ஆபத்துக் கால பாராசூட் ராக்கெட்கள் குறைந்தது 12 இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 300 மீட்டர் உயரம் போய், குறைந்தது 40 விநாடி பளிச்சென்ற சிவப்பில் எரிய வேண்டும். நம் கடற்கரையிலிருந்து பார்த்தால் தீபாவளி வாணம் போலத்தான் இருக்கும். அதை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பச்சை வேறு கதை. பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் பச்சை உப்பு என்பார்கள். தண்ணீரில் கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு. மருத்துவமனையில் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்முன் பேரியம் கலவை குடிக்கக் கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது பேரியம் சல்பேட். கரையவே கரையாது, வந்த வழியே போய்விடும். பட்டாசுப் புகையில் வருவது அந்த வகை மட்டும் அல்ல என்பதுதான் சிக்கல். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியையும் தடை செய்தது, வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2021இல் அதே தடையை மறுபடி வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில் பேரியத்தை அனுமதிக்கக் கேட்ட மனுக்களை ஏற்கவில்லை.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. பச்சை உப்பு பச்சை நிறத்துக்கு மட்டும் பயன்பட்டதென்றால் பச்சை வாணத்தை விட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் கம்பி மத்தாப்பில் வருவது பச்சையா? பொன்னும் வெள்ளியும். இரும்புத் துகள் காற்றில் எரிந்து பொன் பொறியாகிறது, அதிலுள்ள கரி வெடிப்பதால் பொறி பூவாய்க் கிளைக்கிறது. அலுமினியம் வெள்ளிப் பொறி. அங்கே பேரியம் நைட்ரேட்டின் வேலை ஆக்சிஜன் கொடுப்பது. தரைச் சக்கரத்திலும் புஸ்வாணத்திலும் அதேபோல. ஏன் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், அது ஈரத்தை இழுப்பதில்லை. ஐப்பசி மழையில் கடையில் கிடக்கும் மத்தாப்பு நமத்துப்போகாமல் இருக்க வேண்டுமே. ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் பேரியத்தைவிட ஈரத்தை இழுக்கும். அதனால் தடை வந்தபோது ஒரு நிறம் மட்டும் போகவில்லை. வீட்டுப் பட்டாசில் பாதிக்கு மேல் மருந்தை முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

யோசித்தார்கள். நாக்பூர் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசு என்று ஸ்வாஸ், சஃபல், ஸ்டார் என்ற மூன்று வகைகளை 2019க்குள் கொண்டுவந்தது. ஒன்று எரியும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்குகிறது. ஒன்றில் அலுமினியம் குறைவு. ஸ்டார் என்பது தெர்மைட் வகை, வெடியுப்பும் கந்தகமும் இல்லாதது. தெர்மைட் உங்களுக்குப் புதிதல்ல. ரயில் தண்டவாளத்தை இரவில் பற்றவைக்கும்போது வெள்ளை வெளிச்சமும் உருகிய இரும்பும் வருமே, அது அலுமினியமும் இரும்பு ஆக்சைடும், அதாவது துரு, சண்டை போடுவது. ஆக்சிஜன் துருவிலிருந்து வருகிறது. இந்தப் புதிய வகைகளில் மாசு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று நீரி சொல்கிறது. குறைந்தால் நல்லதுதான். நான் நீதிமன்றத்தோடு சண்டை போட வரவில்லை. டெல்லியில் மூச்சு முட்டும் குழந்தைக்காகப் பேரியத்தை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்புகள், அறிக்கைகள், ஒலி அளவுகள், எல்லாமே பார்ப்பவர் பக்கத்து வேதியியல். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று ஒலிக்கு வரம்பு கட்டத் தெரிந்த நமக்கு, கலவை அறையில் ஒரு மனிதர் மருந்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. மருந்தின் சேர்மானம் மாறினால் கலப்பவர் படும் ஆபத்தும் மாறும். அலுமினியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினால் புகை குறையலாம். ஆனால் மக்னீசியம் ஈரத்துக்கு அலுமினியத்தைவிடப் பதறும். ஈரம் பட்ட அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் தாமாகவே மெல்லச் சூடேறும், அமோனியா வாடை வரும், கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பது பழைய வழக்கம். இந்த ஒரு துளி அறிவு எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று கணக்கெடுத்தவர் இல்லை. புதிய சேர்மானத்தைப் பரிந்துரைக்கும் அறிக்கையில் புகை அளவு இருக்கும். அதே அறிக்கையில் உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் அந்த மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்ற பக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும், அது தொழிலாளிக்குப் புரியும் தமிழில் ஆலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து விபத்துச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். மருந்து கலக்கும்போது, மருந்து செலுத்தும்போது, மணிகளாக உருட்டிய மருந்தை உலர வைக்கும்போது என்றுதான் வரும். உராய்வு என்ற சொல் வராத செய்தி குறைவு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். விதிகள் இல்லாமல் இல்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, பொறி பறக்காத பித்தளை, மரக் கருவிகள், பருத்தி உடை, உடம்பின் நிலைமின்னூட்டத்தை இறக்க வாசலில் தாமிரத் தகடு. இதையெல்லாம் மதிக்கிற ஆலைகள் உண்டு. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவிந்ததும் மரத்தடியில் பாய் விரித்து வேலை செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. ஆனால் எல்லா விதியையும் மதித்தாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. பெரும்பாலான சிறு ஆலைகளில் ஒருவர் குனிந்து சல்லடையில் கையால் கலக்கிறார்.

மீண்டும் வடக்கே, நம் பக்கம் திரும்புவோம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்ததும், நம் ஊர்ச் செய்தியாளர்கள் மணலிக்கு ஓடினார்கள். அங்கே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015இலிருந்து 37 கன்டெய்னர்களில் சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. தென்கொரியாவிலிருந்து வந்து, உரிமச் சிக்கலில் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் கொஞ்சம் வீணாயிற்று. மீதி 697 டன்னை 2020 ஆகஸ்டில் ஹைதராபாத்துக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள். ஐந்து வருடம் யாரும் கேட்கவில்லை, ஐந்து நாளில் எல்லாரும் கேட்டார்கள். இந்த உப்பில் ஆக்சிஜனும் எரிபொருளும் ஒரே சேர்மத்தில் இருக்கின்றன. கலக்க யாரும் தேவையில்லை. சாதாரணமாக அது சோம்பேறி. தீயும் அடைபட்ட இடமும் கலப்படமும் சேர்ந்தால்தான் கெடும். ஆகவே அதை எங்கே, எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதே அதன் வேதியியல்.

எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. இங்கே ஒரு பழைய கதை சொல்லிவிட்டுப் போகிறேன். 1780 ஆகஸ்ட் கடைசியில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வடக்கிலிருந்து வந்து இந்த ஆற்றின் வட கரையில் முகாமிட்டது. தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. அன்றே கடந்திருக்கலாம். காலையில் பார்த்தால் ஆறு பெருகிவிட்டது; செப்டம்பர் மூன்றாம் தேதி வாக்கில்தான் கடக்க முடிந்தது. அந்தத் தாமதத்தில் ஹைதர் அலியின் படையும் திப்புவும் முந்திக்கொண்டார்கள். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துப் படை சிதறியது. அதைக் கொளுத்தியது மைசூர் ராக்கெட்டா பீரங்கிக் குண்டா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் ஆர்வமில்லை. மைசூர்க்காரர்கள் மருந்தை மூங்கிலிலோ காகிதத்திலோ அடைக்காமல் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். அதனால் அழுத்தம் கூடியது, தூரம் கூடியது. வேதியியல் அதே கருமருந்து. அடைத்த பாத்திரம் மாறியது, அவ்வளவுதான். பின்னாளில் ஆங்கிலேயர் காங்கிரீவ் அதைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்தார்.

இனி பழவேற்காடு ஏரிக்கு அக்கரை. பழவேற்காட்டிலும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டு மாடியில் நின்றே ராக்கெட் பார்க்கலாம். சந்திரயான் 3ஐச் சுமந்த வண்டி 2023 ஜூலை 14 மதியம் 2:35க்குக் கிளம்பியபோது இரண்டு பக்கமும் வெள்ளைப் புகையாய்க் கக்கிய எஸ்200 மோட்டார்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் இருநூறு டன்னுக்கு மேல் திட எரிபொருள். அதில் என்ன இருக்கிறது? அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியப் பொடி, அவற்றைப் பிடித்து வைக்க ரப்பர் போன்ற ஒரு பாலிமர். ஆக்சிஜனேற்றி, எரிபொருள், பசை. சிவகாசி மேசையில் பார்த்த அதே மூன்று. அந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடு. கம்பி மத்தாப்பின் வெள்ளைப் புகையிலும் அது உண்டு. திருமங்கலத்தில் மெப்கோ நிறுவனம் அலுமினியப் பொடி செய்கிறது. சிவகாசியில் அந்த மெப்கோவின் பெயரும் ஜெர்மன் உலோகப்பொடி நிறுவனம் ஷ்லெங்கின் பெயரும் சேர்ந்து ஒரு பொறியியல் கல்லூரிக்கே பெயராகிவிட்டன. நம் ஊரில் கல்லூரிக்கு ஊர்ப் பெரியவர் பெயர் வைப்பார்கள். அங்கே அலுமினியப் பொடியின் பெயர்!

ஸ்ரீஹரிகோட்டாவிலும் விபத்து நடக்காமல் இல்லை. 2004 பிப்ரவரி 23 அன்று திட எரிபொருள் பகுதியில் ஏற்பட்ட தீயில் ஆறு பேர் இறந்தார்கள். அதே மருந்து, அதே குணம். ஆனால் கலப்பதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் பெங்களூர் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 10 டன் செங்குத்துக் கலப்பான் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவுக்காக ஒப்படைக்கப்பட்டது. 150 டன் எடை, எட்டு மீட்டருக்கு மேல் உயரம்; தொலைவிலிருந்து இயக்குவது. பத்து டன் மருந்தைக் கலக்கும்போது பக்கத்தில் ஓர் ஆளும் நிற்பதில்லை. சிவகாசியில் சில கிலோவைக் கலக்கும்போது ஓர் ஆள் குனிந்து நிற்கிறார். இரண்டும் ஒரே நாடு, ஒரே வேதியியல். இரண்டு இடத்திலும் மருந்தை மேற்பார்வையிடும் மத்திய அரசும் ஒன்றே.

ராக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, பட்டாசுக்கு ஏது என்று உடனே சொல்வார்கள். சிறு ஆலைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார், அது நியாயமான சிரிப்பு. அவருக்கு 150 டன் இயந்திரம் வேண்டாம். சில கிலோவைச் சீராகக் கலந்து, உராய்வில்லாமல், மண் சுவருக்கு அப்பாலிருந்து இயக்கக்கூடிய ஒரு சிறிய கலம் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்று வட்டாரத்திலும் ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் எத்தனை! அவர்களால் முடியாத வேலை அல்ல. சிவகாசியில் சொல்லும் இன்னொரு ஆட்சேபம் கடினமானது: கையால் கலந்தால்தான் சீராகக் கலக்கும், இயந்திரம் ஓரத்தில் கட்டி விடும் என்பார்கள். அனுபவஸ்தர் சொல்வது, தள்ள முடியாது. ஆனால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று.

சோதிக்க வெடிமருந்து தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. மருந்துத் துகளின் அளவுக்கு அரைத்த சமையல் உப்பையும் டால்கம் பவுடரையும் கலந்துகொள்ளுங்கள். ஒன்றை ஆக்சிஜனேற்றி என்றும் இன்னொன்றை எரிபொருள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கையால் கலந்தது ஒன்று, நீங்கள் வடிவமைத்த கலத்தில் கலந்தது ஒன்று. இரண்டிலும் பல இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, குளோரைடு எவ்வளவு என்று சில்வர் நைட்ரேட்டால் தரம்பார்த்தால் போதும். இளங்கலை வேதியியல் செய்முறைத் தேர்வில் நீங்கள் செய்கிற மோர் முறைதான், பொட்டாசியம் குரோமேட் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை சொட்டு விடுவது. எல்லா இடத்திலும் அளவு ஒன்றாக வந்தால் கலவை சீர். இல்லையென்றால் கலத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

இதில் செலவு என்று பார்த்தால் சில்வர் நைட்ரேட் ஒன்றுதான் கையைக் கடிக்கும். அதை அறக்கட்டளைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா என்று நிறுவனர் குடும்பத்தாரிடம் மேடைக்கு வருமுன் கேட்டேன்; சரி என்று சொல்லிவிட்டார்கள். வேதியியல் மாணவர்களோடு இயந்திரவியல் மாணவர்களும் சேர்ந்தால்தான் இது நடக்கும். விருப்பமுள்ளவர்கள் திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். உப்பும் டால்கம் பவுடரும் நான் கொண்டுவருகிறேன்.